பைபாஸுக்குப் பிறகு வரும் படபடப்பு: மெக்னீசியம் எங்கே உதவும், எங்கே உதவாது

இதய அறுவை நல்லபடியாக முடிந்து, மூச்சுக்காக வாய்வழி போட்ட குழாயை எடுத்து, நோயாளி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடுகிற நேரத்தில்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வரும். அதுவரை 80 என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மானிட்டர் திடீரென 140 காட்டும். அடுத்த நொடி 118, அதற்கடுத்து 152. துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வார்டு பேச்சில் ஏஎஃப். பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது வருகிறது. வால்வு மாற்றியவர்களுக்கு இன்னும் கூடுதல். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் வரைக்கும் வரும். அறுவை முடிந்த இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் அதிகம்.

"ஏனுங் சிஸ்டர், ஆபரேசன் நல்லா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாருங்களே, இப்ப என்னங்க இப்பிடி?" கோபியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்து கோவையில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பத்தார் பதறிப்போவது நியாயம்தான். ஒட்டுப்போட்ட ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தாளம் தானாகவே திரும்பிவிடும். அதற்காக லேசாக விட்டுவிடவும் முடியாது. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவானால் பக்கவாதம் வரலாம். துடிப்பு மிக வேகமானால் ரத்த அழுத்தம் விழும்.

இதய அறுவை ஐசியூவில் நர்ஸாகவும், அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டாகவும் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து எழுதுவது இது. மெக்னீசியம் போட்டால் ஏஎஃப் வரவே வராது என்று நம்புகிறவர்களும், அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்கிறவர்களும் எங்கள் வார்டிலேயே உண்டு. இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. குறைந்திருப்பவருக்குக் குறையை நிரப்பியாக வேண்டும், அதையும் பொட்டாசியத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். குறை இல்லாதவருக்கு அது கவசம் இல்லை.

ஏன் குறைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுவதற்கு முன் அதன் குழாய்களில் ஒரு லிட்டருக்கு மேல் திரவம் நிரப்பியிருப்போம். அது ரத்தத்தோடு கலக்கும்போது எல்லா உப்புகளும் நீர்த்துப்போகும். அறுவைக்குப் பிறகு சேர்ந்த நீரை வெளியேற்ற லாசிக்ஸ் போடுவோம். சிறுநீரோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்தே போகும். ரத்தம் ஏற்றினால் அந்தப் பையிலுள்ள சிட்ரேட் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். அட்ரினலின் போன்ற மருந்துகள் ஓடும்போது இன்னும் கொஞ்சம் செல்லுக்குள் போய்விடும். இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் நடப்பது. வீட்டிலிருந்து வரும்போதே குறைவாக வருகிறவர்களும் உண்டு: சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ஹைட்ரோகுளோரோதயாசைடு கலந்த பிரஷர் மாத்திரையை வருடக்கணக்காகப் போடுகிறவர்கள், பான்டோப்ரசோல் மாதிரி ஆசிட் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறவர்கள், தினமும் குடிக்கிறவர்கள். ஆசிட் மாத்திரை மெக்னீசியத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே எச்சரித்தது. குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனைவி ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வான், நோயாளி கூரையைப் பார்ப்பார். உண்மையைச் சொல்லிவிடுங்கள், யாரும் திட்டப்போவதில்லை, மருந்தின் அளவு மாறும், அவ்வளவுதான்.

உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். மிச்சம் பெரும்பாலும் தசையிலும் மற்றத் திசுக்களிலும். ரத்த சீரத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தாலும் உள்ளே குறை இருக்கலாம். வழக்கமான அளவு 1.7 முதல் 2.4 மி.கி./டெ.லி. வரை. சில லேப்கள் மில்லிமோலில் கொடுக்கும், அப்போது 0.7 முதல் 1.0. இரண்டு அலகையும் குழப்பிக்கொண்டு, 0.9 என்பதைப் பார்த்து அலறியடித்து மருந்து ஏற்றுவது புது ஸ்டாஃப் வழக்கமாகச் செய்யும் தவறு. மில்லிமோலை 2.43ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். இன்னொன்று: எலக்ட்ரோலைட் என்று எழுதினால் பொதுவாகச் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட்தான் வரும். மெக்னீசியத்தைத் தனியாக எழுதினால்தான் லேப்பில் பார்ப்பார்கள்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். மருந்து ஓடிக்கொண்டிருக்கும் அதே லைனில் ரத்தம் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். இன்ஃப்யூஷன் முடிந்த உடனே எடுத்தாலும் அப்படித்தான். மருந்து திசுக்களில் பரவ சில மணி நேரம் விட வேண்டும். சிவப்பணுவுக்குள் சீரத்தைவிட அதிக மெக்னீசியமும் மிக அதிகமான பொட்டாசியமும் இருப்பதால், ரத்தம் சிதைந்த மாதிரியில் இரண்டுமே கூடித் தெரியும். சந்தேகம் வந்தால் மறுபடி எடுப்பதே நல்லது.

பொட்டாசியத்தோடு இதற்கு என்ன தொடர்பு? சிறுநீரகக் குழல்களில் பொட்டாசியம் வெளியேறுகிற வாசல்களைச் செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம்தான் ஓரளவு அடைத்து வைத்திருக்கிறது. அது குறைந்தால் வாசல் திறந்துகொள்ளும். நாம் ஏற்றுகிற பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். காலையில் 20 மில்லி ஈக்விவலன்ட், மதியம் 20, பொழுதோட இன்னொரு 20 என்று பொட்டாசியம் குளோரைடு ஏற்றியும் ஏபிஜி என்ற ரத்த வாயுப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.3-ஐத் தாண்டவில்லை என்றால் அடுத்த டோஸுக்கு முன் மெக்னீசியத்தைப் பாருங்கள். இதயத் தசையில் அது வேறு வேலையும் செய்கிறது: சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஓட அது தேவை, கால்சியம் செல்லுக்குள் புகுவதைத் தடுக்கிறது, மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்தூண்டலைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. கடைசியாகச் சொன்னதால்தான் ஏஎஃப் வந்த பிறகும் சிலருக்குத் துடிப்பின் வேகத்தைக் குறைக்க உதவுகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு, ஏஎஃப்பைத் தடுக்க உதவுகிறவை என்று பீட்டா பிளாக்கர் (துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து), தாளத்தைச் சீராக்கும் சோட்டலால், அமியோடரோன், மேலறை பேஸிங் (மின்தூண்டல் கொடுத்துத் துடிக்க வைப்பது) ஆகியவற்றோடு மெக்னீசியத்தையும் சேர்த்தது. ஆனால் அதற்குள் அடங்கிய மெக்னீசிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2009இல் கனடாவில் 927 பேரிடம் நடந்த ஆய்வில் எல்லோருக்கும் பீட்டா பிளாக்கர் கொடுத்துவிட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் மெக்னீசியம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏஎஃப் குறையவில்லை. எங்களுக்குப் புரிவது இது: பீட்டா பிளாக்கரை ஒழுங்காகக் கொடுக்கும் இடத்தில் மெக்னீசியம் மேலதிகமாகச் செய்வது சொற்பம். 2024இல் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் 23 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்த 1,690 பேரிடம் நடந்த ஆய்வு பொட்டாசியத்தைப் பற்றியும் ஒரு பழக்கத்தை அசைத்துவிட்டது. பொட்டாசியத்தை எப்போதும் 4.5-க்கு மேலே வைத்தவர்களில் 26.2 சதவீதத்தினருக்கும், 3.6-க்குக் கீழே போனால் மட்டும் கொடுத்தவர்களில் 27.8 சதவீதத்தினருக்கும் ஏஎஃப் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ரிப்போர்ட்டில் உள்ள அளவை மட்டும் துரத்தி ஏற்றுவதால் தாளம் ஒழுங்காக நிலைத்துவிடாது. இருந்தும் மெக்னீசியத்தை நாங்கள் கைவிடாததற்குக் காரணம், குறைந்தவருக்கு நிரப்புவதன் பலன் ஏஎஃப்போடு மட்டும் முடிவதில்லை. கீழறையில் வரும் கூடுதல் துடிப்புகள், ஈசிஜியில் கியூடி என்ற இடைவெளி நீண்டு வரும் டோர்சாட் என்ற ஆபத்தான தாளம் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். விலையும் மிகக் குறைவு.

கொடுக்கும் முறை

மெக்னீசியம் சல்பேட் 50 சதவீத ஆம்பியூலில் 1 மில்லிக்கு அரை கிராம். 2 மில்லி ஆம்பியூல் என்றால் 1 கிராம்; அது ஏறத்தாழ 8 மில்லி ஈக்விவலன்ட், 4 மில்லிமோல். கிராம், மில்லி, மில்லிமோல், மில்லி ஈக்விவலன்ட் என்று நாலு அலகில் ஒரே மருந்து புழங்குவதால் ஆர்டரில் கிராமும் மில்லியும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். உடைப்பதற்கு முன் லேபிளில் சதவீதத்தை இன்னொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ரசாயனச் சுருக்கக் குறியீட்டில் எழுதினால் மார்ஃபின் சல்பேட்டோடு குழம்பும் ஆபத்து உலகம் முழுக்கத் தெரிந்தது; முழுப் பெயரையே எழுத வேண்டும்.

50 சதவீதத்தை அப்படியே ரத்தக்குழாயில் போடக் கூடாது. வழக்கமான ஆர்டர் 2 கிராம்: 4 மில்லியை எடுத்து 100 மில்லி நார்மல் சலைனிலோ 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலோ கலந்து பம்ப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஓடவிடுவது. பாட்டிலைக் கையில் பிடித்துக் குலுக்கிக் கலந்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கலக்காமல் விட்டால் கனமான மருந்து அடியில் தங்கி முதலில் மொத்தமாக இறங்கும். வேகமாகப் போட்டால் என்ன ஆகும்? உடம்பெல்லாம் காந்துகிற மாதிரி சூடு, முகம் சிவப்பு, பிரஷர் சரிவு, துடிப்பு மந்தம். அதோடு ரத்தத்தில் அளவு திடீரென ஏறினால் சிறுநீரகம் அதைக் கழிவு என்று நினைத்து வெளியே தள்ளிவிடும்; ஏற்றியதில் பாதிகூடத் தங்காமல் போகலாம். மெதுவாகக் கொடுப்பதுதான் தங்கும். டோர்சாட் வந்தால் மட்டும் கதை வேறு. அங்கே 2 கிராமைச் சில நிமிடங்களில் கொடுப்பார்கள், பக்கத்தில் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப் மெஷின் தயாராக இருக்கும்.

ஒரே லைனில் கால்சியம், சோடியம் பைகார்பனேட் இரண்டையும் இதனோடு சேர்க்கக் கூடாது, படிவு விழும். அமியோடரோன் ஓடுகிறதென்றால் அது டெக்ஸ்ட்ரோஸில் தனி லைனில்.

ஏற்றுவதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் யூரின் பையையும் பாருங்கள். மெக்னீசியம் வெளியேற வேறு வழி கிடையாது, சிறுநீரகம்தான். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு அரை மில்லிக்குக் கீழே சிறுநீர் வந்தால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிக்குக் கீழே என்றால், டாக்டரிடம் கேட்காமல் அடுத்த டோஸைத் தொடங்க வேண்டாம். அளவு கூடினால் முதலில் போவது முழங்கால் ரிஃப்ளக்ஸ், 8 மி.கி.யைத் தாண்டியதும் அது மங்கும். 12-ஐத் தாண்டினால் மூச்சு மந்தமாகும். ஆகவே தொடர் இன்ஃப்யூஷன் ஓடும் நோயாளிக்கு ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது முழங்காலைத் தட்டிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லி, மெதுவாக, வேறு லைனில். அந்த ஆம்பியூல் ட்ரேயில் இருக்க வேண்டும். ஸ்டோரில் இருந்து பயனில்லை.

பலர் மறந்துவிடுவது இன்னொன்று. அறுவையின்போது கொடுத்த வெக்குரோனியம், ரோக்குரோனியம் போன்ற தசைத் தளர்த்திகளின் வேலையை மெக்னீசியம் நீட்டிக்கும். மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுத்து அரை மணி நேரத்தில் மெக்னீசியத்தை வேகமாக ஏற்றினால், நன்றாக இருந்தவர் மறுபடி தளர்ந்து மூச்சு விடச் சிரமப்படலாம். தசையைத் தளர்த்தும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் இருப்பவர்களுக்கும், பேஸிங் இல்லாமல் ஹார்ட் பிளாக் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போவதில் தடை) இருப்பவர்களுக்கும் இது கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஏஎஃப்பைத் தடுப்பதில் முதலிடம் மெக்னீசியத்துக்கு இல்லை. மெட்டோப்ரோலால் மாதிரியான பீட்டா பிளாக்கருக்குத்தான். அறுவைக்கு முன் தினமும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க" என்று காலை மாத்திரையையும் விட்டுவிட்டு வந்தால், அறுவைக்குப் பிறகும் பிரஷர் குறைவு என்று இரண்டு நாள் நிறுத்தி வைத்தால், மூன்றாம் நாள் ஏஎஃப்புக்கு வழி திறந்து விட்டது போலத்தான். ஒரு மடக்குத் தண்ணீரில் அந்த மாத்திரையைப் போடலாமா என்று அட்மிஷன் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 420 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இதய உறையின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு வைத்து, தேங்கும் ரத்தத்தை வெளியேறச் செய்தவர்களுக்கு ஏஎஃப் 32 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தது. எந்த உப்பும் அவ்வளவு செய்ததில்லை.

ஏஎஃப் வந்தே விட்டால்? முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், மானிட்டரை அப்புறம். பிரஷர் சரிந்து, வியர்த்து, பேச்சுக் குழறினால் மின் அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்புவதுதான். நிலையாக இருந்தால் 12 லீட் ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம், ஆக்சிஜன், வலி, காய்ச்சல், திரவக் கணக்கு எல்லாம் பார்த்து, குறைந்ததை நிரப்பி, பீட்டா பிளாக்கரோ அமியோடரோனோ தொடங்குவார்கள். 48 மணி நேரத்தைத் தாண்டினால் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைப் பற்றி முடிவெடுப்பார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

"மெக்னீசியம் சல்பேட்டுன்னா தென்னைக்கு வைக்கறதுங்களா?" என்று பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் கேட்பதுண்டு. உரக்கடையில் விற்பதும் அதே உப்புத்தான். அடிமட்டை மஞ்சளானால் வேர்ப்பக்கம் வைப்பார்கள். அதைக் கரைத்துக் குடித்தால் பேதி போகும். பேதியில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இன்னும் குறையும், சிறுநீரகம் பழுதானவருக்கு உயிருக்கே ஆபத்து. தோட்டத்துச் சாமான் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி. மாத்திரையில் உண்மையான மெக்னீசியம் 240 மி.கி. அளவுதான், அதிலும் குடல் எடுத்துக்கொள்வது கொஞ்சம். வயிறு இளகுவதுதான் பலருக்கும் கிடைக்கும் பலன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குக்கும் இடைவெளி வேண்டும். கிரியாட்டினின் கூடியவர்கள் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

நம்ம பக்கத்துச் சாப்பாடே இதற்குப் போதும். தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 20 மி.கி.யை ஒட்டித்தான் மெக்னீசியம். கம்பிலும் கேழ்வரகிலும் 125 முதல் 145 வரை. கொள்ளு, நிலக்கடலை அதற்கும் மேலே. எள் இன்னும் மேலே. கம்பை இரவே ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கூழாக்கினால் மெக்னீசியத்தைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும், உடம்பில் சேர்வது கூடும். உப்பை மட்டும் பாதியாக்குங்கள். ஊறுகாயும் மோர் மிளகாயும் வேண்டாம். வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவர் முருங்கைக்கீரையைத் திடீரெனத் தினமும் சாப்பிட ஆரம்பித்தால் அந்த மருந்து வேலை செய்வதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கிவிடும். கீரையை விட வேண்டாம், வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் சரி.

இளநீரில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் சறுக்குகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குலையோடு வருவார்கள். "குடிங் மாமா, ஒடம்புக்கு நல்லதுங்" என்று ஒரு நாளைக்கு மூன்று, நாலு போய்விடும். 100 மில்லியில் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம். ராமிப்ரிலோ டெல்மிசார்டனோ, அதோடு ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே தங்கும். சிறுநீரகமும் மந்தமென்றால் அளவு தாண்டி இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். திரவக் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் இளநீரும் அந்தக் கணக்கில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மாத்திரைகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டயட்டீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நாடியை மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கான தாளத்துக்குத்தான் சரி, ஏஎஃப்பில் தப்பாக வரும். டிஜிட்டல் பிரஷர் மெஷினையும் தாளம் தவறியவருக்கு ஒரே ஒருமுறை எடுத்து நம்ப முடியாது. மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். காலையிலும் பொழுதோடவும் நாடி, பிரஷர், எடை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 110-க்கு மேல் ஒழுங்கில்லாமல் ஓடினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாய் கோணல், கை தளர்ச்சி இதில் எது வந்தாலும் 108. சத்தியமங்கலம் மலைப்பக்கம், அந்தியூர் உட்புறக் கிராமம் என்று தொலைவில் இருப்பவர்கள் பக்கத்தில் ஈசிஜி எடுக்கும் இடம் எது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே விசாரித்து வையுங்கள். ஏஎஃப் ஓடும்போது எடுத்த ஒரு ஈசிஜித் தாள், பிறகு சொல்லும் பத்து விளக்கத்தைவிட டாக்டருக்கு உதவும்.

இரண்டு நாள் வாந்தியோ பேதியோ ஆனால், லாசிக்ஸை அப்படியே தொடரலாமா என்று கேட்ட பிறகுதான் அடுத்த மாத்திரை. ஏஎஃப் வந்து போனதால் கொடுத்த அமியோடரோனையும் ரத்தம் உறையாத மருந்தையும், தாளம் சரியாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மாத அளவில் ஈசிஜி பார்த்துத்தான் நிறுத்துவார்கள். முதல் ரிவ்யூவுக்கு வரும்போது நோட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம், கிரியாட்டினின் பக்கத்தில் மெக்னீசியமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதச் சொல்லுங்கள், குறிப்பாக ஆசிட் மாத்திரையும் லாசிக்ஸும் சேர்த்துச் சாப்பிடுகிறவராக இருந்தால்.